ஆமோஸின் வலது கை

மார்ச் 11, செவ்வாய்.
இன்றைய தவறு: குதிரைகள் மேல் புகார் எழுதினேன். குதிரைகளிடம் குறையில்லை.

இதை எழுதிவிட்டு செண்பகவல்லி பேனாவை மூடினாள். மறுபடி திறந்து 'மேல்' என்பதை அடித்து 'மீது' என்று போட்டாள். அந்தத் திருத்தம் தேவைதானா என்று சற்று யோசித்தாள். பிறகு அப்படியே விட்டுவிட்டாள்.

கோடம்பாக்கத்தில் அவள் சேர்ந்திருந்த மாலை நேர ஒலிப்பதிவு வகுப்பில் அது ஒரு வழக்கம். தினமும் குறிப்பு எழுத வேண்டும். முதல் வரி அன்றைய தவறு, கடைசி வரி மறுநாள் வேலை. நடுவில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், எழுதாமலும் விடலாம். மற்ற மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துத் தவறுகளையும் மொத்தமாகக் கற்பனை செய்து எழுதினார்கள். வல்லி நாள் தவறாமல் எழுதினாள். பக்கத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. அதில் எழுதும் அளவுக்குத் தனக்கு எதுவும் நடப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை.

பகலில் அவளுக்குப் பெருங்குடியில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் வேலை. விளையாட்டில் பிழை கண்டுபிடிக்க வேண்டும். ஊரில், கோவில்பட்டியில், "பொண்ணு நாள் பூரா கேம் ஆடுதா, அதுக்குச் சம்பளமும் குடுக்காங்க" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்டம் ஒன்றும் இல்லை அது. சுவரில் முட்டி முட்டி நடந்து எங்காவது சுவருக்குள் புகுந்துவிடுகிறோமா என்று பார்ப்பது. மூடிய கதவை நாற்பது முறை திறப்பது. செத்த மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, அது குடித்துவிட்டால் அதைப் புகாராக எழுதுவது.

விளையாட்டின் பெயர் 'வறண்ட ஆறு'. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அமெரிக்க மேற்குப் பகுதி. புழுதி, மாட்டு மந்தை, துப்பாக்கி, சாராயக் கடை. அதன் தமிழ்ப் பதிப்பில்தான் வல்லிக்கு வேலை. ஆடுகிறவரோடு சேர்ந்து அதில் வரும் மனிதர்களுக்கும் வயதாகும் என்பதுதான் அதன் விசேஷம். மூன்றாம் பாகத்தில் எல்லாரும் கிழவர்களாகும் வரை போகலாம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள்.

அதில் ஆமோஸ் என்று ஒருவர். பெரிய பண்ணை ஒன்றில் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற ஆள். 'பண்ணையாள்' என்று போட்டால் தமிழில் வேறு அர்த்தம் வந்துவிடும் என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டு, 'குதிரைக்கார ஆமோஸ்' என்று வைத்தார்கள். அவருக்குக் கதையில் பெரிய பங்கு இல்லை. யாரையும் சுடமாட்டார், யாரும் அவரைச் சுடமாட்டார்கள். பொழுது சாயும்போது கொட்டில் கதவருகே நின்று, "ஏய் செவலை, புள்ளி, மகாராணி... வாங்க உள்ள, பொழுது போச்சு" என்று கூப்பிடுவார். மேய்ச்சலில் நிற்கும் குதிரைகள் வரும். எண்ணிப் பார்த்துக் குறுக்குக் கட்டையைப் போடுவார். ஆடுகிறவர்கள் பலர் அன்றைய ஆட்டத்தை அந்தக் குரலோடு முடிப்பார்கள். அதைக் கேட்டால்தான் தூக்கம் வருகிறது என்று எழுதியவர்களும் உண்டு.

எழுபத்தொன்றாவது வயதில் ஆமோஸ் கூப்பிட்டார். குதிரைகள் வரவில்லை. கதவு திறந்தே கிடந்தது. விடிவதற்குள் ஓநாய்கள் இரண்டைத் தின்றுவிட்டன.

'குதிரைகள் குரலுக்குத் திரும்புவதில்லை' என்று வல்லி புகார் எழுதினாள். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவிலிருந்து மாலைக்குள் பதில் வந்தது. 'குதிரைகளுக்குக் காது கேட்கிறது. உங்கள் ஆள் கூப்பிடவில்லை.'

அவள் ஹெட்போனை மாட்டி, ஒலியை முழுக்கக் கூட்டிக் கேட்டாள். ஆமோஸ் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். 'செவலை' என்ற முதல் சொல் மட்டும் கொஞ்சம் கேட்டது. அதன்பின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அவசரமாக ஓடி, கடைசியில் வெறும் மூச்சாக முடிந்தன. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. முகமும் அப்படித்தான் இருந்தது, துடைத்துவிட்ட பலகை மாதிரி. தன் குரல் யாருக்கும் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்.

மறுநாள் அவள் தன் வழக்கப்படி வேலையைத் தொடங்கினாள். முதலில் மற்றவர்களை எழுபத்தொரு வயதுக்குக் கொண்டுபோனாள். சாராயக் கடைக்காரருக்கு இருமல் கூடியிருந்தது. பாதிரியாரின் குரல் கரகரத்தது. விதவை ரூத்துக்குப் பல் போயிருந்தது. மூவரையும் கொட்டில் கதவருகே நிறுத்திக் கூப்பிட வைத்தாள். பாதிரியார் கூப்பிட்டபோதும் குதிரைகள் வந்தன. ஆமோஸ் ஒருவருக்குத்தான் வரவில்லை.

அடுத்தது, எந்த வயதிலிருந்து வருவதில்லை என்பது. ஐம்பத்தெட்டுக்கு வருகின்றன, எழுபத்தொன்றுக்கு வரவில்லை. நடுவில் ஒரு வயதை வைத்துப் பார்த்தாள், பிறகு அதற்கும் நடுவில் ஒன்று. இப்படிப் பாதிபாதியாகக் குறைத்து, குதிரைகள் கடைசியாகத் திரும்பிவந்த வயதைக் கண்டுபிடித்துவிட்டாள். எண் கிடைத்ததும் எப்போதும் வரும் சின்னத் திருப்தி அன்றும் வந்தது. அது போவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அவளுடைய குழுத் தலைவர் இம்ரான். முப்பது தாண்டியவர், ஆம்பூர்க்காரர். மதியச் சாப்பாட்டு டப்பாவை மேஜையிலேயே திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார்.

"இம்ரான், ஆமோஸுக்கு வயசானா ஏதாவது வியாதி வர்ற மாதிரி போட்டிருக்கீங்களா?"

"வியாதியா? நாம யாருக்கும் வியாதி போடறதில்ல வல்லி. விக்கிறவங்க விடமாட்டாங்க. சுட்டுக்கிட்டுச் சாகலாம், சர்க்கரை வந்து சாகக் கூடாது."

"அப்ப அந்தக் குரல் எங்கருந்து வந்துச்சு?"

இம்ரான் கையைத் துடைத்துக்கொண்டு அவள் திரையைப் பார்த்தார். கேட்டார். மறுபடி ஒருமுறை கேட்டார்.

"ஆமோஸுக்குக் குரல் குடுக்கற கஜபதி அண்ணன் மொதல் பாகத்துக்குப் பேசி எட்டு வருஷம் ஆச்சு. அப்ப அவருக்கு அம்பது. அப்புறம் ரெண்டாம் பாகம், இப்ப மூணாவது. இந்த எட்டு வருஷத்துல அவர் குரல் எப்படி மாறியிருக்குன்னு மிஷின் பாத்துச்சு. பாத்துட்டு அதே வழியில இன்னும் கொஞ்ச தூரம் தானா நடந்து போயிருக்கு. அவ்ளோதான். நடைக்கும் அதேதான். உடம்பு பூரா வெள்ளைப் புள்ளி ஒட்டின சட்டையப் போட்டு நடக்க வெச்சோம்ல."

"அப்ப இது ஆமோஸுக்கு வந்ததில்ல."

"மிஷின் தப்பு பண்ணியிருக்கும்."

"பாதிரியாருக்குப் பண்ணலயே."

இம்ரான் டப்பாவை மூடினார். "சத்தத்தை மட்டும் கூட்டிவிடச் சொல்றேன். குதிரை வந்துடும். வர்ற மாசம் ரிலீஸ் வல்லி, நோண்டாத."

அவள் நோண்டினாள், வேறு எதையும் செய்யத் தெரியாததால். நடை என்று இம்ரான் சொன்ன சொல் உறுத்திக்கொண்டிருந்தது. பழைய புகார்களில் தேடினாள். பிப்ரவரியில் அவளே எழுதியது ஒன்று கிடைத்தது: 'நடக்கும்போது ஆமோஸின் வலது கை ஆடுவதில்லை.' அசைவுகளைப் பார்க்கும் பையன் இடது கையின் ஆட்டத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி வலது கையில் ஒட்டிவிட்டிருந்தான். அது அங்கே எல்லாரும் செய்கிற வேலைதான். இடமும் வலமும் ஒன்றுபோல இருந்துவிட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவள் சரிபார்த்து, 'சரி செய்யப்பட்டது' என்று மூடியிருந்தாள். கீழே அவள் பெயர் இருந்தது.

கஜபதி என்கிற மனிதரிடம் இருந்த ஒன்றை ஆமோஸ் காட்டியிருக்கிறார். அவள் அதைப் பிழை என்று எழுதி அழித்திருக்கிறாள்.

அன்று வகுப்புக்குப் போகும் முன் வேளச்சேரி விடுதியில் உடை மாற்றப் போனவள், ஒட்டு வேலை செய்வதற்கு முந்தைய நடையை அலுவலகப் போனில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறைத்தோழி ஷைனி நாகர்கோவில்காரி. ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். கட்டிலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இந்தத் தாத்தாவ எங்க காட்டுதாங்க?"

"எதுக்கு?"

"எதுக்கா? நட நடன்னு சின்னச் சின்னதா அடி வைக்காரு. ஒரு கை தொங்கிக்கிட்டே வருது. திரும்புறதுக்கு எத்தன எட்டு வைக்காரு பாரு. எங்க வார்டுல வாரத்துக்கு நாலு பேரு இப்பிடி வாராங்க."

"கை நடுங்கலயே."

"எல்லாருக்கும் நடுங்காது டி. பார்க்கின்சன்ஸா இருக்கும். டாக்டர்தான் சொல்லணும், நான் சொல்லப்பிடாது. பேச்சு எப்பிடி இருக்கு?"

வல்லி ஒலியைக் கூட்டினாள். ஷைனி முறுக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"சீக்கிரம் கூட்டிட்டுப் போகச் சொல்லு. யாரு, ஒங்க சொந்தக்காரரா? தொப்பியெல்லாம் போட்டிருக்காரு."

"ஆளே இல்ல ஷைனி. கேம்ல வர்றவரு."

ஷைனி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆளே இல்லாதவருக்கு எப்பிடி இவ்வளவு கரெக்டா வரும்?"

வல்லி போனை அணைத்துப் பையில் போட்டாள்.

வகுப்புக்குப் போகும் வழியெல்லாம் வாசகத்தை மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தாள். தனக்கு இதைச் சொல்லும் தகுதி உண்டா? நாலு வரியில் சொல்லலாமா, இரண்டில் போதுமா? வியாழன் காலை அலுவலகத்துக்கு முதல் ஆளாகப் போய் பிப்ரவரிப் புகாரை மறுபடி திறந்தாள். 'இது பாத்திரத்தின் குறை அல்ல. குரலும் அசைவும் கொடுத்த கலைஞரின் உடல்நிலை காரணமாக இருக்கலாம். அவர் மருத்துவரைப் பார்ப்பது நல்லது' என்று எழுதினாள். சாதாரணக் குறிப்பாகப் போட்டால் ரிலீஸ் முடியும்வரை ஒருவரும் திறந்து பார்க்கமாட்டார்கள். ஆகவே 'மிக அவசரம்' என்று குறித்து அனுப்பினாள்.

மிக அவசரம் என்று குறித்தது எல்லா ஊர் அலுவலகங்களுக்கும் தானாகப் போகும். குரல் கலைஞர்களை அனுப்பும் ஏஜென்சிக்கும் ஒரு பிரதி போகும். வேலைக்குச் சேர்ந்த வாரம் சொல்லிக் கொடுத்தது அது. அவள் மறந்திருந்தாள்.

மதியத்துக்குள் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. இம்ரான் அவளைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய்த் தன் போனைக் காட்டினார். கலைஞர் உடல் தகுதியோடு இருக்கிறாரா? இல்லையென்றால் மிச்சப் பதிவை வேறொருவரிடம் கொடுக்கவும். சனிக்கிழமைக்குள் புகாரைக் காரணத்தோடு மூடவும்.

"நல்லதுக்குத்தான் எழுதினேன்."

"தெரியும்."

"அவருக்குத் தெரியணும்ல."

"அவருக்குத் தெரியறதுக்கு முன்னாடி ஊருக்கே தெரிஞ்சிருச்சு. அவர் இன்னும் நாலு கம்பெனிக்குப் பேசறாரு. ஆள் அனுப்பறது ஒரே ஏஜென்சி." இம்ரான் போனைச் சட்டைப்பையில் போட்டார். "இன்னொண்ணு சொல்றேன் கேளு. நம்ம கேம் ஆடறவங்க மைக்ல பேசறதும் அதே மிஷினுக்குத்தான் போகுது. லட்சக்கணக்கான பேரு. ஒருத்தர் குரல்ல வியாதி தெரியுதுன்னு ஒத்துக்கிட்டா, எல்லார் குரல்லயும் தெரியுதுன்னு ஆகும். அதனால மேல யாரும் ஒத்துக்க மாட்டாங்க. ஆனா ஆள மட்டும் மாத்திடுவாங்க."

வல்லி தலையாட்டினாள். பயமோ அழுகையோ வரும் என்று எதிர்பார்த்தாள். எதுவும் வரவில்லை. படிக்கட்டுக் கைப்பிடியில் பெயின்ட் உரிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை கஜபதிக்குக் கடைசிப் பதிவு. பெரம்பூரிலிருந்து பைக்கில் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். ஆட்டோவில் வந்து இறங்கினார். ஐம்பத்தெட்டு வயது. வாரிச் சீவிய சாயம் போட்ட தலை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. முப்பது வருடமாக டப்பிங். எத்தனையோ மொழிப் படங்களின் வில்லன்கள் அவர் தொண்டையில் தமிழ் பேசிச் செத்திருக்கிறார்கள். வலது கை பேன்ட் பையில் இருந்தது.

"இன்னா இம்ரானு, இன்னிக்கு எப்டி சாவறேன்? குண்டடியா, சாராயமா?"

"சாவு இல்லண்ணே. இருமல், தும்மல், பெருமூச்சு அவ்ளோதான்."

"கெழவனுக்குச் சாவு இல்லியா? நல்ல கம்பெனிப்பா. பென்சன் உண்டான்னு கேளு." வல்லியைப் பார்த்தார். "இந்தப் பாப்பா இன்னா, எழவு வூட்ல குந்திகினு கீற மாதிரி கீது?"

"ஒண்ணுமில்ல சார்."

பதிவறைக்குள் போய் மைக் முன்னால் நின்றார். பத்து விதமாக இருமினார். புகையிலை இருமல், குளிர் இருமல், அடுத்தவன் பேச்சை நிறுத்துவதற்கான இருமல். குரல் அறையை நிறைத்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வல்லி தான் எழுதியது மொத்தமும் தவறோ என்று நினைத்தாள். இடைவேளையில் தேநீர் வந்தது. இடது கையால் வாங்கிக்கொண்டார். வலது கை பையிலிருந்து வெளியே வரவே இல்லை.

"நான் போயி ஏசி ஆளைப் பாத்துட்டு வரேன்" என்றார் இம்ரான். ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"பாப்பா, என்னிய எழுவது வயசுக்கு இட்டுகினு போயிட்டீங்களாமே. காட்டு, பாப்போம்."

வல்லியிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் சத்தம் கூட்டப்பட்டு இரண்டு கைகளும் ஆடும், மற்றது தொடாமல் விட்டது. எதைப் போடலாம் என்று இரவெல்லாம் யோசித்து முடிவு செய்யாமல் வந்திருந்தாள். இப்போது அவள் விரல் தொடாததை எடுத்தது.

கஜபதி பார்த்தார். ஆமோஸ் கொட்டில் கதவுக்கு வந்தார். நின்றார். செவலையைக் கூப்பிட்டார்.

"இன்னோரு தபா."

மறுபடி போட்டாள்.

"குதுரைங்கோ வரலியா?"

"வரல சார்."

"எப்டி வரும்." டீயை ஒரு வாய் குடித்தார். "எனக்குத் தெரியும் பாப்பா. ரெண்டு வருசம் ஆச்சு. காலைல மாத்திரை போட்டா மதியானம் வரிக்கும் குரல் என்னுது. அதுக்கப்பால யார்துன்னு தெரியாது. அதான் காலைல மட்டும் கால்ஷீட் குடுக்கறேன். எவனும் கண்டுபுடிக்கல. எம்பொண்ணுக்கே தெரியாது. ஒங்க மிஷினு கண்டுபுடிச்சிக்கிச்சு."

வல்லி புகாரைப் பற்றிச் சொன்னாள். எழுதிய வாசகத்தை அப்படியே ஒப்பித்தாள். ஏஜென்சிக்கும் போய்விட்டதைச் சொன்னாள். தான் மறந்ததையும் சொன்னாள். குரல் தட்டுத் தடுமாறவில்லை. வேறு யாருடைய தவறையோ படித்துக் காட்டுவது போல இருந்தது அவளுக்கே.

கஜபதி கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏஜென்சிக்குப் போச்சுன்னா முடிஞ்சுது. அவன் போன வருசம் ஒருத்தனுக்குத் தொண்டைல கட்டின்னு கேள்விப்பட்டதுக்கே கூப்புடறத நிறுத்திட்டான். அது கட்டியே இல்ல." கோப்பையை ஓரமாகத் தள்ளினார். "அத்த மூடணும்னா இன்னா பண்ணுவீங்கோ?"

"ஒரு காரணம் போடணும் சார். 'சரி செய்யப்பட்டது'ன்னு போடலாம். இல்லாட்டி 'மறுபடி வரவில்லை'. இல்லாட்டி 'வேண்டுமென்றே செய்தது'."

"மூணாவுது இன்னாது?"

"பாக்கக் குறை மாதிரி இருக்கும். ஆனா அப்படித்தான் இருக்கணும்னு நெனச்சுச் செஞ்சிருப்பாங்க."

கஜபதி சிரித்தார். இடது கன்னம் முதலில் சிரித்தது. வலது கன்னம் பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

"அப்ப நான் நெனச்சேன்னு போடு. கஜபதி நடிச்சான். நடிச்சதுக்கு எவனும் வேலய விட்டுத் தூக்கமாட்டான், அவார்டு குடுப்பான்."

"நீங்க நடிக்கலயே சார்."

"மைக்க ஆன் பண்ணு. நடிச்சிட்டா போவுது."

அவர் உள்ளே போய் நின்றார். பையிலிருந்து வலது கையை எடுத்து, ஒரு பொருளை வைப்பது போல உடம்போரமாகத் தொங்கவிட்டார். வல்லி பதிவைத் தொடங்கினாள். ஆமோஸின் குரல் வந்தது, தணிந்து, அவசரமில்லாமல்.

"இந்தக் கைய ஏன் பாக்கற? இருவது வயசுல ஒரு காட்டுக் குதிரை என்னை ஆத்துக் கல்லு மேல போட்டுது. அன்னியிலேருந்து இது என் பேச்சைக் கேக்கறதில்ல. நானும் இதைக் கூப்புடறதில்ல." ஒரு பெருமூச்சு. "கத்திக் கத்தித் தொண்டையும் போச்சு. இனிமே மெதுவாத்தான் பேசுவேன். கேக்கணும்னு இருக்கறவன் கிட்ட வருவான்."

ஒரே தடவையில் முடிந்தது. எழுதி வைத்துப் படித்தது எதுவும் இல்லை. அவர் வெளியே வந்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"குதுரைங்கோ காத நீங்கோ பெர்சாக்கிடுவீங்கோ. அது வாணாம். கூப்ட்டா கேக்கலன்னா தகரத்தத் தட்டட்டும். ஒரு வாளி குடுங்கோ அவன் கைல."

"எந்தக் கையில சார்?" வழக்கம் அது, வாயில் வந்துவிட்டது.

கஜபதி அவளை நிமிர்ந்து பார்த்தார். "பீச்சாங்கைதான்."

அவள் குறித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். எந்த வயசு வரிக்கும் குதுரைங்கோ வருது?"

வல்லியின் பேனா நின்றது. இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அதனால் ஒரு பதிலையும் தயார் செய்திருக்கவில்லை. ஆமோஸின் வயதையும் கஜபதியின் வயதையும் ஒன்றாகவே வைத்திருந்தார்கள், கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று.

"மிஷின் தப்பாவும் சொல்லலாம் சார்."

"இம்மாஞ் சரியா சொன்னது அதுல மட்டும் தப்பா சொல்லுமா? நீ பாத்திருப்ப. ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, பாக்காம வுட்ருக்கமாட்ட."

"அறுபத்தாறு சார். அறுபத்தாறு வரைக்கும் வருது."

கஜபதி இடது கை விரல்களைத் தொடையில் வைத்து ஒவ்வொன்றாக மடக்கினார். கை போதாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"எட்டு வருசம்." தோள் இரண்டும் இறங்கின. "போதும் பாப்பா. ஜாஸ்தியே. நான் மூணு நாலுன்னு நெனச்சிகினு இருந்தேன். இந்த மாசம் பொண்ணாண்ட சொல்லிடலாம்னு இருந்தேன். அவ வெளியூர்ல ஒரு வேலைக்குப் போவப் போறா, சொன்னா போவமாட்டா. எட்டு வருசம் கீதுன்னா இப்ப எதுக்கு? போயிட்டு வரட்டும். அப்பால பாத்துக்கலாம்."

வல்லி வாயைத் திறந்தாள். அதே நேரம் கதவைத் திறந்துகொண்டு இம்ரான் வந்தார்.

"ஏசி ஓகே" என்றார். பதிவுத் திரையில் புதிதாக நின்ற ஒலிக்கோட்டைப் பார்த்தார். ஹெட்போனை ஒரு காதில் வைத்து முழுக்கக் கேட்டார். கஜபதியைப் பார்க்கவில்லை, வல்லியையும் பார்க்கவில்லை.

"இது போன வருஷமே பேசி வெச்சது, இல்லண்ணே? ஆமோஸ் கை கதை. நாந்தான் எங்கயோ போட்டு மறந்துட்டேன்."

"ஆமாம்ப்பா. நீ மறதிக்காரன்" என்றார் கஜபதி.

கீழே ஆட்டோ வரை அவள் கூடவே போனாள். படியிறங்கும்போது அவர் இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். எதையோ மெல்ல முணுமுணுத்தபடி இறங்கினார், பாட்டு மாதிரி. பன்னிரண்டு மணியாகியிருந்தது. "வரேம்பா" என்று அவர் சொன்னது தெருச் சத்தத்தில் கேட்கவில்லை. உதடு அசைந்ததை வைத்துப் புரிந்துகொண்டாள். ஓட்டுநர் "எங்க சார்? எங்க?" என்று இரண்டு முறை கேட்டார். வல்லி குனிந்து, "பெரம்பூர்" என்றாள்.

ஆட்டோ போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். எட்டு என்று விரல் மடக்கிய கை கண்முன் இருந்தது. ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம், சிக்னல் பக்கத்தில்தான் இருந்தது. அது பச்சையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை வகுப்பில் அன்று கால்நடைச் சத்தம், பாத்திரச் சத்தம், கதவுச் சத்தம் எல்லாம் பதிவு செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். தேங்காய்ச் சிரட்டையில் குளம்படி வந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். தகரத்துக்கு எந்த மைக் நல்லது என்று வல்லி கேட்டாள். சொன்னதை எழுதிக்கொண்டாள். விடுதிக்குத் திரும்பும் பேருந்தில் நோட்டைத் திறந்தாள்.

மார்ச் 14, வெள்ளி.
இன்றைய தவறு: அறுபத்தொன்று என்று சொல்ல வேண்டியதை அறுபத்தாறு என்று சொன்னேன்.

இதற்கு என்ன காரணம் போடுவது என்று பார்த்தாள். மூன்று காரணங்களில் ஒன்றுதான் பொருந்தியது. நடுப்பகுதியை விட்டுவிட்டு அடியில் எழுதினாள்.

நாளைய வேலை: ஆமோஸின் வலது கைப் புகாரை மூட வேண்டும், காரணம்: வேண்டுமென்றே செய்தது. ஒட்டிய ஆட்டத்தை எடுத்துவிட வேண்டும். தகர வாளி ஒன்று வாங்கி, இடது கையால் தட்டிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கெல்லாம் முன்பு, காலையில், குரல் அவருடையதாக இருக்கும் நேரத்தில் கஜபதி சாருக்குப் போன் செய்து எண்ணைத் திருத்த வேண்டும்.